வெட்டாமல் விட்ட நிலம்

வியாழக்கிழமைகளில் நான் முதியோரை ஏற்றும் மினிபஸ் ஓட்டுகிறேன். லண்டனில் ஸ்ட்ரெதம், டூட்டிங் பக்கத்து வீடுகளில் தனியாகக் கிடக்கும் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு தேவாலய மண்டபத்தில் இறக்கி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். பெரிய மூளை தேவைப்படாத வேலை. நான்தான் தேவையில்லாமல் மூளையைப் பாவித்தேன்.

அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேர் அயர்லாந்தில் ஒரே கிராமத்தவர்கள் என்று மண்டபத்தில் சாப்பாடு பரிமாறும் பெண் ஒருநாள் சொன்னாள். முன் சீட்டில் இருக்கும் கிழவிக்குத் தொண்ணூற்றொரு வயது. பின் சீட்டுக் கிழவருக்கு எண்பத்தெட்டு. இருவரும் அறுபது வருடத்துக்கு மேலாக லண்டனில் இருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசி நான் கண்டதில்லை. ஊர்க்காரர்களாயிற்றே, பக்கத்தில் பக்கத்தில் இருத்தினால் சந்தோஷப்படுவார்கள் என்று அந்த வியாழன் கிழவரை முன்னுக்குக் கொண்டுவந்து இருத்தினேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். லண்டன் கலியாண மண்டபங்களில் ஊர்க்காரரைக் கண்டதும் சுவர்ப்பக்கமாக நழுவுகிறவர்கள் எங்கள் ஆட்களில் எத்தனை பேர்! நானே மூன்று பேரைக் கண்டால் அப்படி நழுவுகிறவன். வெள்ளைக்காரருக்கு அதெல்லாம் இருக்காது என்று நினைத்துவிட்டேன்.

ஸ்ட்ரெதம் பெரிய வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, கிழவி பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவுக் கைபிடியைப் பிடித்து இழுத்தாள். "என்னை இறக்கிவிடு" என்று சத்தம் போட்டாள். கிழவர் எழும்பி, தடியை ஊன்றி ஊன்றிப் பழைய இடத்துக்கே போய்விட்டார்.

பின்னேரம் கடைசியாக அவளைத்தான் இறக்குவேன். அன்று வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தியும் அவள் அசையவில்லை.

"அவன்ரை தகப்பன் எங்கட சித்தப்பாவைக் கொண்டுபோன பொடியளிலை ஒருத்தன்," என்றாள்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னது 'த பாய்ஸ்' என்றுதான். என் காது அதைப் பொடியள் என்று வாங்கியது. எங்கள் ஊரில் துவக்குத் தூக்கியவர்களைப் பேர் சொல்லாமல் அப்படித்தான் குறிப்பிடுவோம். பயமும் செல்லமும் கலந்த அதே சொல்லை அவளும் எங்களைப் போலவே குரலைத் தணித்துச் சொன்னாள். அன்றிலிருந்து அவளும் கிழவரும் பேசியதெல்லாம் எனக்குத் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

அடுத்தடுத்த வியாழன்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இங்கிலாந்தோடு அயர்லாந்து சுதந்திரத்துக்காகச் சண்டை பிடித்த காலம். அவள் அப்போது பிறக்கவில்லை. அவளுடைய சித்தப்பாவுக்கு இருபது வயது. பொலிஸ் முகாமுக்கு ஒன்றும் விற்கக்கூடாது என்று பொடியள் சொல்லியிருந்தும், அவர் வழக்கம்போல அங்கே பால் கொண்டுபோய்க் கொடுத்தார். சில நாட்களில் பொடியளில் இரண்டு பேர் மலைப் பாதையில் சுடுபட்டுச் செத்தார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்று ஊர் யோசித்தபோது பால் வாளி ஞாபகத்துக்கு வந்தது. ஒருநாள் பின்னேரம் வந்தார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரை ஒருவரும் காணவில்லை.

துரோகியின் வீடு என்று ஊர் அவர்களை ஒதுக்கவுமில்லை. புல் வெட்டும் காலத்தில் அயலவர்கள் வந்து கைகொடுத்தார்கள். தேவாலயத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சித்தப்பாவின் பேரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அது ஏன் என்று கிழவிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ஊரில் விறகு குறைவு. சதுப்பு நிலத்தின் கறுத்த மண்ணைச் செங்கல் அளவில் வெட்டி, காயவைத்து, அதைத்தான் அடுப்பில் எரிப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சதுப்பில் ஒரு துண்டு உண்டு. அவளுடைய அப்பா தங்கள் துண்டில் மண்வெட்டியே வைக்கவில்லை. மூன்று மைல் தள்ளி மனைவியின் அண்ணனுடைய துண்டில் கெஞ்சி வெட்டி, கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். மழை கூடிய வருடங்களில் அதுவும் இல்லாமல் பிள்ளைகள் விறைத்துப்போய்க் கிடந்தார்கள். எங்கட நிலத்தில் ஏன் வெட்டுவதில்லை என்று கேட்டால், அது ஈரம் என்பாராம். சித்தப்பா எங்கே என்று கேட்டால், தெரியாது என்பாராம்.

"அந்த ஊர்ச் சதுப்புக்குள்ளை போனது அழுகாது, தம்பி," என்றாள். "சப்பாத்தும் தலைமயிருமா அப்பிடியே கிடப்பார். எனக்குத் தொண்ணூற்றொண்டு, அவருக்கு இப்பவும் இருபது. எங்கை எண்டு தெரிஞ்சால் எடுப்பிச்சு, என்ரை அப்பாவுக்குப் பக்கத்திலை வைக்கலாம். சாகமுன்னம் அது ஒண்டுதான் எனக்கு வேணும். நீ அவனைக் கேள். நீ எங்கட ஆள் இல்லை. உனக்குச் சொல்லுவான்."

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். கேட்கிறேன் என்றேன். என் அண்ணையையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவர் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆமிக்காரர் உருட்டிக்கொண்டு வந்த சைக்கிளுக்கும் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். ஒரு பின்னேரம் பொடியள் வந்து, "விசாரிச்சுப்போட்டு விடுறம்" என்றார்கள். முப்பத்தைந்து வருடமாகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த மற்றத் தகப்பன்மார் படத்தைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தார்கள். எங்கள் ஐயா ஒருநாள்கூடப் படலையைத் தாண்டவில்லை. அதற்காக நான் அவரை வெறுத்தேன். மழுப்பாமல் சொல்கிறேன், வெறுத்தேன். அவர் செத்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு லண்டனிலேயே இருந்துவிட்டேன்.

கிழவி நெஞ்சுச்சளி என்று வராத ஒரு வியாழன், டூட்டிங்கில் கிழவரை இறக்கும்போது கேட்டேன். எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக்கடை ஒன்றுக்குப் பின்னால் அவருடைய வீடு. கடைக்குள் கொத்துரொட்டி போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உடனேயே பதில் சொன்னார்.

"அவையின்ரை நிலத்திலைதான் கிடக்கிறார்."

எனக்கு விளங்கவில்லை.

"அவையின்ரை சொந்தத் துண்டிலை. அவவின்ரை தகப்பனும் பொடியளோடை நிண்டவர்தானே. அவர்தான் தம்பியை வெளியிலை கூப்பிட்டுக் குடுத்தவர். சுடேக்கை பக்கத்திலை நிண்டவராம். எங்கட நிலத்திலையே புதையுங்கோ எண்டு மட்டும் கேட்டவராம். என்ரை அப்பா சாகேக்கை எனக்குச் சொன்னவர். ஊரிலை பெரியாக்கள் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

சட்டைப் பையில் திறப்பைத் தேடி எடுத்தார். பிறகு கதவைப் பார்த்தபடி சொன்னார்: "நான் அவவோடை கதைக்காததும் அதாலைதான். கதைச்சால் சொல்லிப்போடுவன்."

திரும்பி வரும்போது ஐயாவின் நினைப்புத்தான். தேடிப் போகாதவர்கள் எல்லாம் அக்கறையில்லாதவர்கள் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எங்கே என்று தெரிந்தவனும் தேடமாட்டான் என்பது என் மண்டையில் ஏறியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செவன் கிங்ஸில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருக்கிறார். குசினி மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயாவுக்குத் தெரியுமோ, அம்மா?" என்று கேட்டேன்.

எதைப்பற்றி என்று அம்மா கேட்கவில்லை.

"அவங்கள் உங்கள் ரெண்டு பேரையும் கொண்டுபோகத்தான் வந்தவங்கள்," என்றார். "ஐயா காலிலை விழுந்து அழுதார். ஒருத்தனை விடுறம் எண்டாங்கள். ஐயா மூத்தவனைக் கூப்பிட்டுக் குடுத்தார். நீ உள்ளுக்குள்ளை படிச்சுக்கொண்டிருந்தனி."

"அண்ணை எங்கை எண்டு?"

"எனக்குத் தெரியாது. அவர் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. சாப்பிட்டிட்டுப் போ."

சாப்பிட்டேன். அம்மா பரிமாறினார், நான் சாப்பிட்டேன். செவன் கிங்ஸ் ஸ்டேஷன் வாங்கில் குந்தியிருந்து, வந்த மூன்று ரெயிலிலும் ஏறாமல் விட்டேன். அண்ணையின் இடத்தில் நான் உயிரோடு இருக்கிறேன் என்பது எனக்கு அருவருப்பாக இருந்தது. ஐயாவை இனி வெறுக்கவும் முடியாது. மன்னிக்கிறேன் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவருடைய பிணத்தைக்கூட நான் பார்க்கப் போகவில்லை.

அடுத்த வியாழன் கிழவி வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். போகும்போது ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் மற்றவர்கள் எல்லோரும் இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்தாள். அவள் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தேன்.

"கேட்டனியோ?"

சொல்வதென்றுதான் காலையில் புறப்பட்டிருந்தேன். அவள் ஒரு வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி அது. ஆனால் அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று அவள் சொன்னது குறுக்கே வந்தது. உண்மையைக் கேட்டுக்கொண்டு வந்து நான் ஸ்டேஷன் வாங்கில் இருந்ததும் ஞாபகம் வந்தது.

"கேட்டனான். அவருக்குத் தெரியாதாம்," என்றேன்.

கிழவி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவும் இப்பிடித்தான்," என்றாள். "முகத்தைப் பாராமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் தெரியாது எண்டுவார்."