பங்கு என்ற சொல்லில் சிக்கிய விண்ணப்பம்

வளைகுடாவில் சிக்கியிருக்கும் எங்கள் மீனவர்களுக்கு வழக்குரைஞர் வைப்பதற்காக, அயல்நாட்டு அரசொன்றின் தொழிலாளர் உரிமை நிதிநல்கைக்கு எங்கள் சங்கம் விண்ணப்பித்திருக்கிறது. அனுப்பியது சென்ற செவ்வாய்க்கிழமை. புதன் என்று சிலர் சொல்வது தவறு.

இன்று, வியாழன், எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில் சங்கச் செயலாளர் செலினின் கைப்பேசி வழியே நேர்காணல். வளைகுடாவில் சிக்கியிருக்கும் அவருடைய கணவரின் கடவுச்சீட்டு இன்னும் படகு முதலாளியிடம்தான் இருக்கிறது.

நல்கை வழங்கும் அரசின் அதிகாரி தமிழிலேயே பேசினார். “உங்க ஆட்களை ‘பார்ட்னர்ஸ்’னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா அவங்களும் முதலாளிகள்தானே? இது தொழிலாளர்களுக்கு மட்டும்.”

‘பங்குக்குப் போகிறவர்கள்’ என்பதை அப்படி மொழிபெயர்த்தவன் நான்.

செலின் குறுக்கிட்டார். “பங்குன்னா பிடிச்ச மீனுல பங்கு மேடம். மீனு இல்லேன்னா அதுவும் இல்ல. படகுல பங்கு உண்டுன்னா, பாதிப் படக எழுதித் தர அந்த அரபி முதலாளிட்ட சொல்லுங்க. எனக்க மாப்பிள்ள அதுலயே ஏறி வந்திருவாரு.”

அதிகாரி சிரிக்கவில்லை. “நாளை நண்பகலுக்குள்ள திருத்தி அனுப்புங்க. இல்லேன்னா தள்ளுபடி ஆயிடும்.”

செலின் என்னைப் பார்த்தார். “சாரே, வேற வார்த்த உண்டா?”

முதலாளி வாடையற்ற ஆங்கிலச் சொல் தெரிந்தவர்கள் இன்றே கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். அகராதியைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள். நானும் அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.