துளை போடாத பூட்டு

ஈப்போவின் புந்தோங்கில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்கார அக்கா, சாவியைக் கொடுத்த அன்றே இரண்டு விஷயம் சொல்லிவிட்டார். கதவிலும் சுவரிலும் ஓட்டை போடக் கூடாது. சமையலறை மூலையில் சுவரோடு இருக்கும் மரத்தட்டில் எதையும் வைக்கக் கூடாது. முதலாவது புரிந்தது. இரண்டாவது ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

நான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அச்சுகளுக்கு வரைபடம் போடுகிறவள். ஓட்டை போடாமலே நானே நவீனப் பூட்டு செய்து மாட்டிக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. கதவின் உள்பக்கக் குமிழைப் பிடித்துத் திருப்பும் சின்னப் பெட்டி. கைப்பேசியில் தட்டினால் பூட்டும், திறக்கும்; யார் கதவைத் திறந்தாலும் தகவல் வரும். வீடு மாறும்போது தடமில்லாமல் கழற்றிக்கொள்ளலாம். வெளியிலிருந்து பழைய சாவியும் வேலை செய்யும், ஏனென்றால் அக்காவிடமும் ஒரு சாவி இருக்கும். ஈப்போ வெயிலில் பசை இளகிப் பெட்டி மூன்று முறை விழுந்தது. கதவின் விளிம்பைக் கவ்வும் கொக்கி வைத்த பிறகுதான் நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை வேலையில் இருக்கும்போது கைப்பேசி சிணுங்கியது. பத்தே காலுக்குக் கதவு திறந்திருக்கிறது, பத்தரைக்கு மூடியிருக்கிறது. கணவரைக் கூப்பிட்டால் அவரும் வேலையில். பெட்டிக்குத்தான் கோளாறு என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்டினேன். அடுத்த வெள்ளியும் அதே நேரம். கோளாறுக்குக் கிழமை தெரியுமா என்று கணவர் கேட்டார். அப்போதுதான் வெள்ளி மாலைகளில் வீடு திரும்பும்போது உள்ளே அடிக்கும் சாம்பிராணி வாசனை ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தோம். நாங்கள் கிறிஸ்தவர்கள், சாம்பிராணி போடுவதில்லை.

மூன்றாவது வெள்ளி லீவு போட்டு, கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசல் இரும்புக் கிரில்லில் சாவிச் சத்தம். அக்கா நின்றார், கையில் அகல் விளக்கும் எண்ணெய் போத்தலும் சாம்பிராணியும். கைப்பேசியில் பதிவாகியிருந்த நேரங்களைக் காட்டினேன்.

“நீங்க இல்லாத நேரமா பாத்துதான் வாரேன்மா, தொந்தரவு வேணாம்னு. இப்ப இருக்குற மகன் வீட்ல எல்லாம் இருக்குலா. நானே சாவி போட்டுத் தொறக்க ஒரு கதவுதான் இல்ல.”

அவர் விளக்கேற்ற வந்த அந்த மரத்தட்டுப் பக்கம்கூடத் திரும்பாமல், இனிமேல் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சொன்னபடியே வரவில்லை. அடுத்தடுத்த வெள்ளிகளில் கைப்பேசி சும்மா கிடந்தது. நான் ஜெயித்துவிட்டேன்தானே? பிறகு ஏன் பத்தே காலுக்கு அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்? கேட்காமல் அடுத்தவர் வீட்டுக்குள் வருவது தப்பு, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் யார் அந்த அடுத்தவர் என்பதில்தான் தலை சுற்றியது.

ஒரு சனிக்கிழமை பெட்டியைக் கழற்றினேன். நினைத்தபடியே கதவில் ஒரு கீறல் இல்லை. இரண்டு வரிசை வீடுகள் தள்ளியிருக்கும் மகன் வீட்டுக்குப் போய், கழற்றிவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவரோ, வந்தால் நாங்கள் இருக்கும்போது கேட்டுவிட்டுத்தான் வருவேன் என்றார்.

“கேக்கவே வேணாம்க்கா. நாங்க இல்லாதப்பவே உங்க சாவியப் போட்டுத் தொறந்து வாங்க.”

பூட்டு செய்தவள் நான். என் வீட்டுக்குள் சொல்லாமல் வரச் சொல்லி, அடுத்தவர் கிரில்லைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தேன்.