செத்துப்போன வைத்தியச்சி

கறம்பக்குடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு மதியம், குவைத்திலிருந்து திரும்பிய ஒருவர் லேப்டாப்போடு வந்தார். நரைத்த மீசை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சண்டைக்குப் போகும் பழைய கேம் ஒன்றை அங்கேயே வருடக்கணக்கில் ஆடியிருக்கிறார். அவருடைய கூட்டத்தில் இருந்த வைத்தியச்சி பாதிக் கதையில் செத்துப்போனாள். அவளைப் பிழைக்கவைக்க ரசிகர்கள் ஆட்டத்தைத் திருத்தும் ஒரு பேட்ச் நிரல் எழுதி இணையத்தில் போட்டிருந்தார்கள். அதை ஏற்றித்தர வேண்டுமாம்.

திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் அவர் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். படித்து முடிக்கும்வரை என்னை 'நெக்ஸ்ட்' அழுத்த விடவில்லை. பேட்ச் பாதியில் நின்றது. மறுபடி ஏற்றினால் மறுபடியும் படித்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள்.

ஒருவழியாக ஏறியது. "இனிமே அந்தப் பொண்ணு சாகாதுங்க. ஆனா ஆட்டத்த மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்," என்றேன்.

"அப்ப, செத்தவ எந்திரிச்சு வரமாட்டாளா?"

"புதுசுலயும் அதே பொண்ணுதாங்க."

"எங்கூட அம்புட்டுத் தூரம் வந்தவ இவதான் தம்பி. அது வேற ஆளு. பழையபடியே ஆக்கிக் குடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றிய பேட்சை நீக்கினேன். அவர் தன் பழைய ஆட்டத்தைத் திறந்தார். கூட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"அதுல வேற ஆளச் சேத்துக்கலாமேங்க?" என்றேன் எரிச்சலோடு.

துக்க வீட்டில் தகாததைப் பேசியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.