சிட்னிக்கு அனுப்பிய பெயர்

இதில் ஒரு சொல்லும் கற்பனையன்று. சென்ற ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, கழுகுமலைக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டில், பட்டப்பகலில் எனக்கு நேர்ந்தது. நேரங்களைக் கைப்பேசியில் பார்த்துக் குறித்திருக்கிறேன்.

கோவில்பட்டியில் நான் மொழிபெயர்ப்பாளன். சிட்னியில் வாழ்ந்த ஹெலன் என்ற முதியவர், தம் மூதாதை ஒருவனைப் பற்றி விசாரித்துத் தரக் கேட்டிருந்தார். வாரிங் என்ற ஆங்கிலேயச் சிப்பாய் அவன். 1836இல் இந்தப் பகுதியில் ஓர் ஆட்டுக்காரரைக் கொன்றான். காலில் விலங்கிட்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஹெலனுக்கு வேண்டியது ஒன்றுதான்: கொல்லப்பட்டவரின் பெயர். அந்த வெள்ளியை அடுத்த திங்கட்கிழமை அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. அதற்குள் அந்தப் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள், நாற்பத்தொரு கடிதங்கள். வந்த நகல்களில் கொன்றவனின் உயரம் இருந்தது, கண்ணின் நிறம் இருந்தது, மச்சம்கூட இருந்தது. செத்தவர் 'ஒரு சுதேசி'. அவ்வளவே. எனக்கு வெறுத்துவிட்டது.

கடைசியில் செத்தவரின் வழிவந்த குடும்பம் கிடைத்தது. உயிர் போன இடத்தில் கல் நட்டு, ஆடிதோறும் படையல் வைக்கிறார்கள். பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூத்த மருமகளின் காதில் ஒருமுறை ஓதுவதோடு சரி. இப்போது அது மூத்த மருமகளான இசக்கிச்செல்விக்கு மட்டுமே தெரியும். அந்த வெள்ளியன்று நான் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பேருக்கா ரெண்டு வருசமா அலையுதீய? வீட்ல ஒங்க பேரு ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?" என்று சிரித்தார்.

"திங்கக்கெழம அந்தம்மாவுக்கு ஆப்பரேசன். பொழைப்பாவளோ, என்னவோ."

சிரிப்பு நின்றது. "ஒரு தடவதான் சொல்லுவேன்."

12.04. கல்லருகே சொன்னார். நான் பதிவுப் பொத்தானை அழுத்தவே இல்லை. என் பிழை. மீண்டும் கேட்டேன். முறைத்தபடி சொன்னார். இம்முறை பதிவு செய்துகொண்டேன்.

12.07. ஆடிக் காற்று நின்றது.

நாற்பது ஆடுகளும் மேய்ச்சலை விட்டன. எல்லாம் கிழக்கே பார்த்தன.

ஜளக்... ஜளக்...

இரும்பு. தரையில் இழுபடும் இரும்பு. மிகக் குறுகிய அடிகள்...

வெட்டவெளி. ஆள் இல்லை.

ஜளக்...

"அவரா?" என்றேன்.

"அவிய வரமாட்டாவ. கொன்னவன்தான் வருவான். அந்தப் பேரு அவன் காதுல விழுந்த எடத்துக்கெல்லாம் வருவான்... ஓடுங்க அண்ணாச்சி!"

ஓடினோம்.

மாலை 4.30. பதிவை ஹெலனுக்கு அனுப்பினேன். இசக்கிச்செல்வியின் எச்சரிக்கையைச் சேர்க்கவில்லை. ஆதாரமற்ற எதையும் நான் எழுதுவதில்லை.

செவ்வாயன்று ஹெலனின் மகள் எழுதியிருந்தார்.

"ஞாயிறு இரவு அம்மா அந்தப் பெயரைச் சொன்னார். பிறகு வாசலைப் பார்த்து, 'உள்ளே வாருங்கள்' என்றார். அறையில் நான் மட்டுமே இருந்தேன். விடிவதற்குள் இறந்துவிட்டார். வாசலிலிருந்து கட்டில்வரை மண் சிந்திக் கிடந்தது. படம் இணைத்துள்ளேன். எங்கள் பக்கம் இந்த மண் இல்லை. நாளை இறுதிச் சடங்கில், அம்மாவின் விருப்பப்படி, குடும்பத்தினர் பதினோரு பேரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்லப் போகிறோம்."

படத்தில் இருந்தது கரிசல்.

எச்சரிக்கையை உடனே எழுதி அனுப்பினேன். இன்றோடு முப்பத்தாறு நாள். பதினோரு பேரில் ஒருவரும் பதில் எழுதவில்லை.