என்னிடம் கேட்ட எச்சில்

2000களின் நடுப்பகுதி. கனடாவில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பின்னேரம் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். டவுன்டவுனில் தம்பி சமைத்துக்கொண்டிருந்த உணவகத்தின் பின்சந்தில் யாரோ ஒரு பெண்ணைச் சீரழித்திருந்தான். அங்கே வேலை செய்த ஆண்கள் எல்லோரும் டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் மாதிரி கொடுத்துவிட்டார்கள். தம்பி மட்டும் திடீரென்று வேலையை விட்டுவிட்டு டொராண்டோவுக்குப் போயிருந்தான். அவனுடைய பழைய தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை.

"நீங்கள் கூடப்பிறந்தவர். உங்கள் எச்சிலை வைத்தே ஓரளவு தெரிந்துவிடும்," என்று பெண் அதிகாரி பிரெஞ்சில் சொன்னார்.

யோசிக்க வேண்டும் என்றேன். மட்டக்களப்பில் அம்மா இறந்தபிறகு அவனை வளர்த்தவள் நான். அவன் செய்திருக்கமாட்டான். ஆனால், ஏன் அப்படி அவசரமாகப் போனான்? பாத்திரம் கழுவும்போது அந்த எண்ணம் வரும். தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிடுவேன்.

தெரிந்தவர்கள் மூலம் ஒரு தமிழ்நாட்டு வழக்கறிஞரிடம் போனேன்.

"இந்த நாட்டு டி.என்.ஏ. வங்கியில சொந்தக்காரங்களை வச்சு ஆளைத் தேட அனுமதி இல்லைங்க. அதனாலதான் நேரா உங்ககிட்ட வந்திருக்காங்க. நீங்களா விரும்பிக் கொடுத்தா கொடுத்ததுதான்."

"குடுக்காட்டி?"

"கட்டாயப்படுத்த முடியாது. ஆனா தம்பி மேல சந்தேகம் கூடும்."

அவர்கள் திரும்பி வந்தபோது, மாட்டேன் என்றேன்.

"அந்தப் பெண்ணுக்கும் ஓர் அக்கா இருக்கிறாள்," என்றார் அதிகாரி.

அடுத்த ஞாயிறு தம்பியே புது இலக்கத்திலிருந்து அழைத்தான். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"ஏனக்கா குடுக்கல்ல?"

"உன்னைக் கேக்காம எப்படிடா குடுக்கிற?"

"அது இல்ல. நான்தான் செஞ்சிருப்பன் எண்டு பயந்திட்டீங்க."

இல்லை என்று உடனே சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறுநாளே பஸ் ஏறி வந்தான். பொலிஸ் நிலையத்துக்கு நானும் கூடப்போனேன். உள்ளே போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தான். கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு அன்றே திரும்பிவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். பொருந்தவில்லையாம், சட்டப்படி மாதிரியை அழித்துவிடுவார்களாம். கதிரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு தம்பிக்கு எடுத்தேன்.

"நீ இல்லையாமடா!"

"எனக்கு முதலே தெரியுமக்கா," என்றான்.