குளோரியாவில் ஓர் இடைவெளி

1954 நவம்பர் பதினைந்து, திங்கட்கிழமை. பிரெஞ்சுக்காரப் பெரிய சாமியாரை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போனபோது, அபிஷேகப்பாக்கம் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியம் நிமிரவில்லை. குனிந்தபடியே குளோரியா என்ற பூசைப் பாட்டை எடுத்துவிட்டாள். கூட நட்ட ஐந்து பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பும் கிழவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரப்பில் நின்றார். பாட்டு முடிந்தது, ரயிலும் போய்விட்டது. மறுநாள்தான் அவரால் ஊரைவிட்டுப் போக முடிந்தது.

ஆரோக்கியத்துக்கு எழுத்துத் தெரியாது. லத்தீன் பூசைப் பாட்டு முழுக்கத் தெரியும். பதினெட்டு வருஷம் பெரிய சாமியார் பாடக் கேட்டு, வயலில் நடும்போது பாடிப் பாடிக் கெட்டிப்படுத்தியது. வெற்றிலையை இடது கன்னத்தில் ஒதுக்கினால்தான் அவளுக்குச் சுருதி சேரும். அடுத்த வயலில் நடும் கனகாம்பாள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். அவளும் விடமாட்டாள், கூடவே பாடுவாள். "இன்னாடி, உங்க மாதாவுக்கு மட்டுந்தான் லத்தீன் புரியுமா? எங்க ஆத்தாவுக்கும் புரியும்" என்பாள்.

புதிதாக வந்த ஞானாதிக்கம் சாமியார் இளையவர். சங்கீதம் முறையாகப் படித்தவர். கோயில் பூசையில் பாடுவது இந்த ஆறு பெண்கள்தான். குளோரியாவின் நடுவே, ஒரு சொல் பாதியில் நிற்க, ஆறு பேரும் ஒன்றாக வாய்மூடி, மூன்று எண்ணும் நேரம் கழித்து மிச்சத்தைப் பாடுவதைக் கேட்டுத் திகைத்தார்.

"புத்தகத்தில் அப்படி இல்லையே, அம்மா."

"பொஸ்தகத்த நாங்க இன்னாத்தக் கண்டோம் சாமி. பெரிய சாமி வாயால வந்ததுதான் இது."

ஒரு மாதம் திருத்திப் பார்த்தார். அதே இடத்தில் நின்றார்கள். "பெரிய சாமியார் கைப்பட எழுதித் தரட்டும். அதுவரை பள்ளிக்கூடப் பெண்கள் பாடட்டும்" என்று முடித்துவிட்டார்.

1957 மாதா திருநாளில் ஆறு பேரும் கடைசி வரிசையில் வாய்மூடி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தியான அமிர்தம் அழுதேவிட்டாள். "அழுவாதடி. கடுதாசி வந்த அன்னிக்கு நம்ம எடம் நம்முளுது" என்று ஆரோக்கியம் அதட்டினாள். அந்தோணிசாமி வாத்தியாரைப் பிடித்துப் பிரான்சுக்கு எழுதவைத்தாள். அதிலிருந்து தபால்காரர் எங்கே எதிர்ப்பட்டாலும், "இன்னாபா, எங்க சாமிகிட்டேர்ந்து எதனா வந்துகீதா?" என்று சைக்கிளை மறிப்பது அவள் வழக்கமாயிற்று.

பதில் 1959 தை மாதம் வந்தது. பெரிய சாமியாரே நடுங்கும் தமிழெழுத்தில் எழுதியிருந்ததை வாத்தியார் வரப்பில் நின்று படித்தார்: "மகளே, அந்த இடைவெளி என்னுடையது அல்ல. கையிலுள்ள நாற்று முடி தீர்ந்து, அடுத்த முடியை எடுக்க நீங்கள் நிறுத்திய இடம் அது. திருத்த இரண்டு வருஷம் முயன்று தோற்றேன். பிறகு அதில் மூச்சு வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன். புதியவர் சொல்வதே சரி."

கனகாம்பாள் கரையில் உட்கார்ந்துவிட்டாள். "கெட்டுது போ. இத்தினி நாளு காத்திருந்து வாங்கிக்கினோம்."

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "இத யாருக்கும் காட்டாத, ஆரோக்கியம். வரவே இல்லன்னு சொல்லிக்கலாம்."

ஆரோக்கியம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு வாய்க்காலில் கால் கழுவி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, நேராக ஞானாதிக்கம் சாமியார் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்தவரிடம் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.