பொத்தானும் வளையல் துண்டும்

திருப்பாப்புலியூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு குடித்தனங்கள் இருந்தன. ஒன்று தையற்காரர் வீடு. அவர்கள் வீட்டுக்குள் மராட்டி பேசுவார்கள். மற்றது வளையல்காரர் வீடு, அங்கே தெலுங்கு. எந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. தையற்காரர் வடக்கே போனது விழுப்புரம் வரைக்கும்தான். வளையல்காரர் ஒருமுறை திருப்பதி போய் மொட்டை போட்டு வந்தவர். அதனால் தேசம் பார்த்தவர் என்ற நினைப்பு அவருக்கு. நான் இரண்டு வீட்டு அடுப்படியிலும் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை, ஆனால் காது நல்ல காது. இந்த வயதிலும் கெடவில்லை. அந்த இரண்டு பாஷையும் எனக்குப் பேச வராதே தவிர, எது எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.

ஒரு வருஷம் அப்பா, தெருப்பக்கத்து அறையில் அடுக்கியிருந்த மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளைக் காலி செய்தார். அறையைக் கடைக்கு விடப்போவதாகச் சொன்னதுதான் தாமதம், பின்கட்டுக்காரர்கள் இருவரும் வந்து நின்றார்கள். உள்ளே மெஷின் ஓட்டினால் துணி கொடுக்க வருகிறவர்களுக்கு வழியே தெரிவதில்லை என்று இவர். தலையில் பெட்டியோடு தெருத்தெருவாக அலைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்று அவர். பொங்கலுக்குள் கடை போட்டால்தான் பிழைப்பு என்றார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் வீட்டையே காலி செய்துவிடுவார். இரண்டு பேரையும் இழக்க மனமில்லாத அப்பா, வாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாகப் போய்வர ஆரம்பித்தார்.

வழி சொன்னவர் என் தாய்மாமா. அவருக்கு வேலை என்று ஒன்று கிடையாது, யோசனைதான் தொழில். யாருடைய பாஷை ஜாஸ்தி இடத்தில் பேசப்படுகிறதோ அவருக்கு அறை என்றார். பைத்தியக்காரத்தனம் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் பழி தன் மேல் விழாது பாருங்கள், தலையாட்டிவிட்டார்.

மாமா எங்கிருந்தோ தேசப்படம் ஒன்றை இரவல் வாங்கிவந்து கூடத்தில் விரித்தார். தையற்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, பம்பாயிலிருந்து நாக்பூர் வரைக்கும் சட்டைக்கு அளவெடுப்பது போல அளந்தார். ஆந்திரா நெட்டையாகத்தான் இருக்கிறது, தோளில் அகலம் போதாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். வளையல்காரர் விடவில்லை.

"கோட்டுக்குள்ள அளந்தா ஆச்சா டைலரே? பல்லாரி, ஓசூரு, ஒரிசா ஓரம் எல்லாம் எங்க பாஷதான். பாஷ இன்னா, கோட்டப் பாத்துட்டு நின்னுக்குமா?"

"அப்படிப் பாத்தா தஞ்சாவூர ஆண்டதே எங்க ராஜா. அதயும் சேத்து அளந்துடறேன்."

டேப் தஞ்சாவூர் வரை நீண்டது. வளையல்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரவல் படம் கிழிவதற்குள் மாமா அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, இனி மனுஷர்களை வைத்துத்தான் முடிவு என்றார். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் எல்லாத் தேசத்து ஜனமும் வரும். கீழைக் கோபுர வாசலில் நின்று காது கொடுத்தால் தெரிந்துவிடுகிறது.

பொங்கல் வேலையை விட்டு இருவராலும் நகர முடியவில்லை. தையற்காரர் தன் மகளை அனுப்பினார், வளையல்காரர் தன் மகனை. பெரிய மனுஷராக மாமா. அந்த அக்காவுக்குத் துணையாகவும், கள்ளாட்டம் நடக்காமல் பார்த்துக்கொள்ளவும் நான். மராட்டி கேட்டால் அக்கா ஒரு பையில் பொத்தான் போட வேண்டும். தெலுங்கு கேட்டால் அண்ணன் இன்னொரு பையில் உடைந்த வளையல் துண்டு போட வேண்டும். இரண்டு பையும் என் மடியில்.

ரயிலை விட்டு இறங்கிக் கோபுரத்தடிக்கு வந்ததும், இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு இதோ வருகிறேன் என்று போன மாமாவை நாங்கள் பிறகு சாயங்காலம்தான் பார்த்தோம்.

முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. வெள்ளைக் குல்லாய் வைத்த ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அக்கா பெருமையாக எழுந்து போய், எந்த ஊர் என்று மராட்டியிலேயே கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெண்சாதியிடம் என்னவோ கேட்டார். அக்கா முகம் சுருங்கித் திரும்பி வந்தாள்.

"இந்தப் பொண்ணு இன்னா பாஷ பேசுதுன்னு கேக்கறாரு."

அண்ணன் சிரித்தார். சிரித்த கையோடு தன் தெலுங்கை ஒரு தெலுங்கு அம்மாளிடம் காட்டப் போனார். அந்த அம்மாள் பாவம் பார்த்து, அரைகுறைத் தமிழில் பதில் சொல்லி அனுப்பிவைத்தாள். இப்போது அக்கா சிரித்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கணக்கு கெட்டது. தெலுங்குக் கூட்டம் ஒன்று சந்தை இரைச்சலோடு எங்களைத் தாண்டிப் போகிறது. அண்ணன் பொத்தானை எடுத்துப் போடுகிறார். மராட்டிக்காரர்கள் போகிறார்கள்; அக்கா வளையல் துண்டைப் போடுகிறாள். யாருமே போகாதபோதும் போட்டார்கள். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் எனக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். தின்றேனே தவிர, மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். மாமா கூச்சமே இல்லாமல், தான் கூடவே நின்று பார்த்தவர் போலப் பேசிவிட்டு, முடிவை அவர்களையே சொல்லச் சொன்னார். மராட்டிதான் ஜாஸ்தி என்றார் வளையல்காரர் மகன். இல்லை, தெலுங்குதான் என்றாள் தையற்காரர் மகள்.

"நீ யாரு பக்கம்டா?" என்றார் வளையல்காரர்.

என்னை எதற்கு அனுப்பினார்களோ அந்த வேளை வந்துவிட்டது. நான் பைகளைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தேன்.

"ரெண்டு பேரும் ஏமாத்திட்டாங்க. அண்ணன் அக்கா பையில போட்டாரு, அக்கா அண்ணன் பையில போட்டுச்சு. ஆளே வராதப்பவும் போட்டாங்க. சிரிச்சிச் சிரிச்சிப் போட்டாங்க."

தையற்காரர் கழுத்து டேப்பை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். கள்ளாட்டத்தைக் கண்டுபிடித்தவளுக்கு அதுதான் கிடைத்தது.

சில நாள் பின்கட்டில் இரண்டு பாஷையிலும் கூச்சல். பொங்கல் வந்து போனது, அறை பூட்டியே கிடந்தது. அப்புறம் எப்படியோ தணிந்து, மாசியில் அந்த இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அறையை அப்பா அவர்களுக்கே விட்டார். ஒரு சுவரோரம் மெஷின், எதிர்ச்சுவரில் வளையல். எல்லாம் தன் யோசனை என்று மாமா சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடை திறந்ததும் முதல் ஆளாக நான் போனேன். அண்ணன் மெஷின் மிதிக்கப் பழகிக்கொண்டிருந்தார். அக்கா என் கையை அமுக்கி அமுக்கி வளையல் ஏற்றினாள். நல்ல வேளை பார்த்து, இப்போதாவது உண்மையைச் சொல், அன்றைக்கு எந்தப் பாஷை ஜாஸ்தி என்று கேட்டேன். அக்கா மெஷின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அன்னைக்கி என் காதுல ஒண்ணுமே வுழலயே" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. காது மந்தமான பெண்ணை, போயும் போயும் கேட்கிற வேலைக்கு அனுப்பியிருக்கிறாரே இந்தத் தையற்காரர்! பாவம், அண்ணனுக்கும் சொல்லாமலே கட்டிக்கொடுத்திருப்பார்கள். நானும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம் அக்காவிடம் மட்டும் கொஞ்சம் கத்தியே பேசிவந்தேன்.